எல்லாவற்றுக்கும் 'மாறாக' என்று எழுதி வைத்திருந்தேன்

கேள்வி இது: ஆங்கிலத்தில் முன்னால் சொன்னதற்கு எதிராக ஒன்றைச் சொல்ல ஹவெவர், ஆன் த கான்ட்ரரி, ஆன் தி அதர் ஹேண்ட், ஆல்தோ என்று பல இருக்கின்றன. எதைப் போட்டாலும் ஒன்றுதானா?

இல்லைங்க. ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு ஒரு முழு நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் பேசுபவனாக, சேர்ந்த முதல் வருடம். துவைத்தால் சுருங்குகிறதா என்று பார்க்கும் ஷ்ரிங்கேஜ் டெஸ்டில் துணி பாஸ். சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் கலர் ஃபாஸ்ட்னஸ் ரிப்போர்ட் மட்டும் லேபிலிருந்து வரவேண்டியிருந்தது. ஆர்டர் கொடுத்த பையருக்கு இப்படி எழுதினேன்: "த ஃபேப்ரிக் ஹேஸ் பாஸ்டு த ஷ்ரிங்கேஜ் டெஸ்ட். ஆன் த கான்ட்ரரி, த கலர் ரிப்போர்ட் இஸ் பெண்டிங்." அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பதில் காத்திருக்கிறது: பாஸா, இல்லையா? தெளிவாகச் சொல்லும் வரை கட்டிங் ஆரம்பிக்க வேண்டாம்.

பக்கத்து சீட்டு சீனியர் அண்ணன் மெயிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏப்பா, பாஸுன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலயே 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க'ன்னு எழுதியிருக்கியே!"

தப்பு எங்கே தொடங்கியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பள்ளி நோட்டில் 'ஆன் த கான்ட்ரரி' என்றால் 'மாறாக' என்று எழுதி வைத்திருந்தேன். நம் 'மாறாக' பல வேலை பார்க்கும் சொல். "அவன் படிக்கவில்லை, மாறாகத் தூங்கினான்" என்றால் அது இன்ஸ்டெட். "ஊட்டி குளிரும், அதற்கு மாறாக மதுரை கொதிக்கும்" என்றால் இன் கான்ட்ராஸ்ட். "அவரைக் கஞ்சன் என்பார்கள், மாறாக அவர் அள்ளிக் கொடுப்பவர்" என்பது மட்டும்தான் ஆன் த கான்ட்ரரி. ஆங்கிலம் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பதை நாம் ஒரே குடும்ப அட்டையில் சேர்த்துவிடுகிறோம்.

ஆன் த கான்ட்ரரிக்கு முன்னால் மறுக்க ஓர் எண்ணம் இருக்க வேண்டும். அடுத்தவர் சொன்னதாக இருக்கலாம், படிப்பவர் மனதில் ஓடுவதாகவும் இருக்கலாம். அதனால்தான் பெரும்பாலும் அதற்கு முந்தைய வாக்கியத்தில் ஒரு 'நாட்' இருக்கும். "த ஃபேப்ரிக் டிட் நாட் ஷ்ரிங்க். ஆன் த கான்ட்ரரி, இட் க்ரூ லாங்கர்." துணி சுருங்கவில்லை, சொல்லப்போனால் நீண்டிருக்கிறது. இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதவே இல்லை, பாருங்கள். இரண்டும் ஒரே கட்சி. மோதுவது 'சுருங்கியிருக்குமோ' என்ற பையரின் சந்தேகத்தோடுதான். என் நோட்டில் 'சொல்லப்போனால்' என்று எழுதியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன்.

ஆன் தி அதர் ஹேண்ட் யாரையும் மறுக்காது. காட்டன் வியர்வையை இழுக்கும். பாலியஸ்டரோ சீக்கிரம் காயும். எதை எடுப்பது என்று நிறுத்துப் பார்க்கும் இடத்துக்கு அது சரி.

அடுத்து ஆல்தோ. இதில் நம் ஆட்கள் பத்தில் ஒருவராவது விழாமல் இருந்தால் அதிசயம்: "ஆல்தோ இட் ரெயின்ட், பட் த லாரி கேம்." ஆல்தோ இருந்தால் பட் வேண்டாம், பட் இருந்தால் ஆல்தோ வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் கை தானாகப் போடுகிறது. ஏனென்றால் தமிழில் "மழை பெய்தாலும் லாரி வந்துவிட்டது" என்கிறோம். அந்த 'ஆலும்' இரண்டு செய்தியும் சேரும் மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ ஆல்தோ முதலிலேயே வந்து போய்விடுகிறது. வாக்கியத்தின் நடுவுக்கு வரும்போது மூட்டு காலியாக இருப்பதாக நம் காதுக்குத் தோன்றுகிறது, உடனே ஒரு 'பட்' வைத்து அடைக்கிறோம். ஆடைக்கு ஜிப் அனுப்பும் சீன சப்ளையர்களின் மெயிலிலும் இதே பிழையைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மொழியில் 'என்றாலும்', 'ஆனால்' இரண்டும் ஜோடியாகவே வரும், அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். (தோ-வுக்கு ஜோடியாக யெட் போடுவது பழைய ஆங்கிலத்தில் உண்டு. நம் பழைய வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான், அது பிழையில்லை.)

டெஸ்பைட் பின்னால் ஆஃப் வராது. இன் ஸ்பைட் ஆஃப் என்பதன் வால் இதில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஹவெவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது பட் மாதிரி இரண்டு வாக்கியத்தை ஒட்டும் பசை இல்லை. பட்டுக்கு முன்னால் ஒரு கமா போதும். இரண்டு வாக்கியத்துக்கு இடையில் ஹவெவர் வந்தால் அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா வேண்டும். அந்தப் பின் கமாவை விட்டால் பொருளே மாறிவிடலாம்: "ஹவெவர் ஹார்ட் யூ ட்ரை" என்றால் 'எவ்வளவுதான் முயன்றாலும்'. இந்தக் குழப்பத்தால்தானோ என்னவோ, கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-ல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில், 'இருந்தாலும்' என்ற பொருளில் வரும் ஹவெவரை வாக்கியத்தின் முதலில் வைக்காதே என்றார். இன்று அதைப் பெரும்பாலோர் கறாராகப் பின்பற்றுவதில்லை. ஆனால் நடுவில் வைத்துப் பார்த்தால் ஒரு ருசி தெரியும். "த பாடி இஸ் ஃபைன். த ஸ்லீவ், ஹவெவர், இஸ் ஷார்ட்." பாடி சரி, கையோ நீளம் குறைவு. நம் 'ஓ' செய்யும் வேலையை இந்த நடு ஹவெவர் செய்கிறது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் வைக்கிறீர்களோ அந்தச் சொல் தனித்து நிற்கும். எனக்கு இது புரியவே ஐந்தாறு வருடம் ஆனது.

'பட்' என்று வாக்கியம் ஆரம்பிக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்வதை மறந்துவிடுங்கள். 1776-ன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலேயே பட்டில் தொடங்கும் வாக்கியம் இருக்கிறது.

நாட்வித்ஸ்டாண்டிங் வக்கீல்களின் சொல். நம் அரசமைப்புச் சட்டத்தின் 368-ஆவது பிரிவு, 1971-ல் வந்த 24-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அங்கே அதற்கு 'மற்றது எது சொன்னாலும் இதுதான் செல்லும்' என்ற கனம் உண்டு. மெயிலில் 'லாரி லேட்டானாலும்' என்பதற்கு அதை இறக்கினால் சிரிப்பார்கள்.

கேட்டவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறவராக இருந்தால் ஒன்று. எழுத்துத் தேர்வை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில், கருத்துகள் கோவையாக இணைகின்றனவா என்பது ஒன்று. அதன் 6 பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்திலேயே இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்ற குறிப்பு வருகிறது. பத்திக்குப் பத்தி தலையில் ஒரு ஹவெவர், ஒரு நெவர்தெலெஸ் என்று நட்டுக்கொண்டே போனால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். என் தம்பி மகளிடம் சொன்னது: எழுதி முடித்ததும் இணைப்புச் சொற்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பார் கண்ணு. எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் திரும்பப் போடு.

இந்தச் சோதனையை என் முதல் வருட மெயிலுக்கு வைத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அங்கே ஹவெவர்கூடப் பெரிதாகத் தேவையில்லை. ஒரு டெஸ்ட் பாஸானதும், இன்னொரு டெஸ்டின் ரிப்போர்ட் வரவேண்டியிருப்பதும் எந்த விதத்தில் முரண்? இல்லாத சண்டையை நானே மூட்டிவிட்டிருக்கிறேன். மறுநாள் காலை அண்ணன் என் கீபோர்டை இழுத்துத் தானே அடித்தார்: "ஷ்ரிங்கேஜ்: பாஸ்டு. கலர் ஃபாஸ்ட்னஸ்: ரிப்போர்ட் எக்ஸ்பெக்டட் ஆன் தர்ஸ்டே." அவ்வளவுதான், இரண்டே வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓகே வந்துவிட்டது, சாயங்காலம் கட்டிங் டேபிளில் துணியை விரித்தோம்.