சகோதரர் தோட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொறையாரிலிருந்து எழுதுகிறேன். தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் பெரிய தோட்டம் போட்டிருந்தார்கள், மூலிகைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள் என்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொன்னார். நான்கு நாள் உட்கார்ந்து தேடினேன். இணையத்தில் ஒன்றுமே இல்லை. பழைய தோட்டங்கள், ஊர் வரலாறு பற்றித் தேட என்னென்ன தளங்கள் உள்ளன என்று ஒரு பட்டியல் தர முடியுமா? இந்தியாவின் முதல் தாவரவியல் பூங்கா இதுதான் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது, அது உண்மையா? எனக்கு ஜெர்மன் தெரியாது, செயலிகளின் மொழிபெயர்ப்பை நம்பலாமா? இவ்வளவு முக்கியமான இடத்தில் அரசு ஒரு பலகைகூட வைக்காதது வருத்தமாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

வாட்ஸப் செய்தியை அழித்துவிடுங்கள். ‘எது முதல்’ என்று ஆரம்பித்த எந்த ஊர் வரலாறும் உருப்பட்டதில்லை. பலகையும் இப்போதைக்கு வேண்டாம். அதை எந்தப் புல எண்ணில் நடுவது என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அரசை நிதானமாகத் திட்டிக்கொள்ளலாம்.

நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரிய விஷயம். பலர் நான்கு நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் ‘ஒன்றுமே இல்லை’ என்ற அந்த வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்ன சொல்லைத் தட்டித் தேடினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. தரங்கம்பாடி, பொறையார், மூலிகைத் தோட்டம் – இந்த மூன்றையும் ஆங்கில எழுத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள். அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இந்த மூன்று சொல்லில் ஒன்றைக்கூட எழுதியதில்லை. பிறகு எப்படிக் கிடைக்கும்?

நீங்கள் தேடுவது மொரேவியச் சகோதரர்களின் குடியிருப்பு. 1760ல் வந்தவர்கள், 1803 வாக்கில் ஒழித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஜெர்மானியர்கள், சாக்சனியில் உள்ள ஹெர்ன்ஹூட் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சபையினர். தரங்கம்பாடிக் கோட்டைச்சுவருக்கு வெளியே அமைத்துக்கொண்ட இடத்தை ‘ப்ரூடர்கார்ட்டன்’ என்றார்கள். சகோதரர் தோட்டம் என்று பொருள். கடையைத் திறக்கும் சாவி அந்த ஒரு சொல்தான்.

ஆனால் சாவியிலும் பல் வேறுபடும். ஜெர்மனில் அந்தச் சொல்லில் வரும் ‘யூ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. ஸ்கேன் செய்த பழைய நூல்களை ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) படிக்கும்போது புள்ளியை விட்டுவிடும், அல்லது அந்த ‘யூ’வை இரண்டு ‘ஐ’யாகப் படித்துவைக்கும். ஆகவே ஒரே சொல்லை நான்கு விதமாகத் தட்ட வேண்டும்: புள்ளியோடு, புள்ளியில்லாமல், ‘யூ, ஈ’ என்று சேர்த்து, பிறகு அந்த இரட்டை ‘ஐ’ போட்டு. கடைசியாகச் சொன்னது எழுத்துப்பிழைதான். அந்தப் பிழையைத் தட்டினால்தான் சில பக்கங்கள் வெளியே வரும். டேனிய மொழியில் ‘ப்ரோத்ரெ’ என்று தொடங்கும், அதன் ‘ஓ’வுக்குக் குறுக்கே ஒரு கோடு. அதுவும் சில இடத்தில் வெறும் ‘ஓ’, சில இடத்தில் ‘ஓ, ஈ’. ஆங்கிலக் காகிதங்களில் பிரதரன்ஸ் கார்டன். சபையின் பெயரோ ஆங்கிலத்தில் மொரேவியன் அல்லது யுனைட்டட் பிரதரன், லத்தீனில் உனிதாஸ் ஃபிராத்ரும். ஜெர்மனில் ‘ப்ரூடர்கெமைனெ’. இன்றைய ஜெர்மானியர் அந்தச் சொல்லின் நடுவில் ஒரு ‘டி’ சேர்த்து எழுதுவார்கள், சபையார் எழுதவில்லை. ‘டி’ போட்டுத் தேடினால் அவர்கள் எழுதிய காகிதம் தப்பிவிடும்.

ஊர்ப்பெயருக்கும் இதே கதைதான். தரங்கம்பாடியை ஆங்கிலேயர் ‘கியூ’ போட்டு டிராங்குபார் என்றார்கள். இன்றைய டேனியர் ‘கே’ போடுகிறார்கள். பழைய ஜெர்மன் அச்சில் இரண்டும் உண்டு. உங்கள் பொறையார் மிஷன் அறிக்கைகளில் ‘ஈ, ஐ, ஏ, ஆர்’ என்று முடியும். ‘ஐ’க்குப் பதில் ‘ஜே’, ‘ஒய்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். தமிழிலேயே உங்கள் ஊர் ஒரு பெயரில் நிற்கவில்லையே. பொறையார், பொரையார் என்று கடைப்பலகையிலேயே இரண்டு இருக்கும். நற்றிணையில் வரும் பொறையாறு இதுதான் என்பார்கள். தரங்கம்பாடிக்கு ‘அலை பாடும் ஊர்’ என்று பொருள் சொல்லிப் பூரிப்பவர்கள், மாசிலாமணிநாதர் கோவில் கல்வெட்டில் அந்த ஊர் ‘சடங்கன்பாடி’ என்று இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்களோ.

ஆகவே முதல் வேலை தளம் தேடுவது அல்ல. ஒரு நோட்டில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், சபை, தோட்டம், ஆள் என்று நான்கு பத்தி. ஒவ்வொன்றின் கீழும் எல்லா மொழியிலும் எல்லா எழுத்துக்கூட்டலும். பக்கத்தில் எந்தச் சொல்லை எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் போட்டீர்கள், எத்தனை வந்தது. பூஜ்யம் வந்தாலும் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு மாதம் கழித்து அதே பூஜ்யத்தை மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். மூன்று இடம் சொல்கிறேன், அது போதும்.

ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தின் மின்னூலகம் ஒன்று. தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் 1710 முதல் அச்சிட்ட அறிக்கைகள் படங்களாக இருக்கின்றன. முதல் வரிசை மட்டும் 108 ‘தொடர்ச்சி’கள், 9 தொகுதிகளாகக் கட்டப்பட்டவை. குறிப்பெடுக்கும்போது தொடர்ச்சி எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள், பக்க எண்ணை மட்டும் எழுதினால் திரும்ப அந்த இடத்துக்கு வர முடியாது. ஒரு எச்சரிக்கை. ஹாலேக்காரர்களுக்கும், அதாவது இந்த லூத்தரன் மிஷன்காரர்களுக்கும், மொரேவியர்களுக்கும் ஆகாது. அறிக்கைகள் அச்சுக்குப் போகுமுன் ஹாலேயில் வெட்டித் திருத்தப்பட்டவை. அங்கே சகோதரர்களைப் பற்றி மௌனமாக இருந்தால், ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். சகோதரர்களின் சொந்தக் காகிதம் ஹெர்ன்ஹூட் காப்பகத்தில் இருக்கிறது. அதன் அட்டவணையைப் பார்த்து, கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போடுங்கள். ‘எங்கள் ஊர் பற்றி உள்ளதெல்லாம் அனுப்புங்கள்’ என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது ஆர்க்கைவ் தளம், ஸ்கேன் செய்த நூல்களின் இணைய நூலகம். தேடல் பெட்டி முதலில் நூலின் பெயர், ஆசிரியர் விவரங்களில்தான் தேடும். ‘உள்ளுரையில் தேடு’ என்ற தேர்வை மாற்றாமல் ‘ஒன்றுமே இல்லை’ என்று கடிதம் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். பழைய ஜெர்மன் நூல்கள் ‘கறுப்பு எழுத்து’ எனப்படும் தடித்த, கோணலான அச்செழுத்தில் அச்சானவை. அதில் சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல நிற்கும், ஓசிஆர் எஃப் என்றே படித்துவைக்கும். ஓலையில் புள்ளியும் இல்லாமல் கால் எது ரகரம் எது என்றும் தெரியாமல் படித்த பரம்பரைக்கு இது ஒரு கஷ்டமா?

மூன்றாவது பல்லுயிர் மரபு நூலகம், பழைய தாவரவியல் நூல்களின் களஞ்சியம். இதற்கு ஆள் பெயர் வேண்டும். செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கூனிக் 1768ல் தரங்கம்பாடிக்கு வந்தார், 1785ல் இறந்தார். அவர் அனுப்பிய செடிகளை ஸ்வீடனின் லுண்டில் இருந்த தாவரவியலாளர் ரெட்சியஸ் விவரித்து அச்சிட்டார். 1776ல் வந்த ராட்லரை நீங்கள் தமிழ் அகராதிக்காரராக அறிந்திருப்பீர்கள், அவரும் செடி சேர்த்தவர். உங்கள் கொல்லையில் தவசி முருங்கை இருந்தால் அதன் அறிவியல் பெயரைப் பாருங்கள்: ஜஸ்டிசியா டிராங்குபாரியென்சிஸ். பின்னால் ‘எல்.எஃப்.’ என்று இருக்கும். லின்னேயஸின் மகன் சூட்டிய பெயர் என்பதற்கான குறி அது. ஊர்ப்பெயர் சட்டினிக் கீரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பலகை எதற்கு?

ஆனால் செடியைக் காயவைத்து ஒட்டிய உலர்செடித் தாளில் ‘டிராங்குபார்’ என்று எழுதியிருந்தால் அது சகோதரர் தோட்டத்தில் வளர்ந்தது என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே பறித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயரையே அந்தக் காலத்தில் எழுதிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய குழி ‘தோட்டம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. உங்கள் மனதில் பாத்தி, பூச்செடி, நடைபாதை ஓடுகிறது. சகோதரர்கள் நிக்கோபார் தீவுகளுக்குப் போக வந்தவர்கள். அங்கே 1768 முதல் 1787 வரை இருந்து காய்ச்சலில் செத்தார்கள், தரங்கம்பாடி அவர்களுக்குத் தங்குமிடம். சம்பளம் வாங்கும் பாதிரிகள் அல்லர், கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். சிப்பி, பூச்சி, பாம்பு, செடி என்று சேர்த்து ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். ஆக அது வீடும் பட்டறையும் கொல்லையுமாக ஒரு குடியிருப்பு, ‘தோட்டம்’ அதன் பெயர். சென்னையில் ‘கார்டன் ஹவுஸ்’ என்றால் தோட்டம் சூழ்ந்த பங்களா, அதுபோல. மூலிகை என்று தேடாமல் தச்சன், செருப்புத் தைப்பவன், சிப்பி என்ற சொற்களின் ஜெர்மனைப் போட்டுப் பாருங்கள். வேறு பக்கங்கள் வரும்.

மொழிபெயர்ப்புச் செயலி பற்றி: அச்சு ஜெர்மனுக்கு ஆகும், கையெழுத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரே ஒரு சொல்லில் கவனம். இந்த மிஷனரிகள் நம்மை ‘மலபாரியர்’ என்றும் தமிழை ‘மலபார் மொழி’ என்றும் எழுதினார்கள். செயலி அதைக் கேரளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், மலையாளம் என்றுகூட எழுதிவிடும். மொழிபெயர்த்ததில் கேரளம் வந்தால் உடனே மூலத்தைப் பாருங்கள், அங்கே உங்கள் பாட்டனார் நின்றுகொண்டிருப்பார்.

இனி இடம். ட்ரெல்லுண்ட் 1733ல் வரைந்த தரங்கம்பாடி வரைபடத்தை எடுத்துக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய படத்தின்மேல் பொருத்தலாம். பொருத்தும் புள்ளிகளாக டேனியரின் டான்ஸ்போர்க் கோட்டையின் மூலைகள், 1701ன் சீயோன் தேவாலயம், 1718ன் புதிய எருசலேம் தேவாலயம். கடற்கரையை ஒருபோதும் பிடிக்காதீர்கள். 1306ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, கரை அன்றிருந்த இடத்தில் இல்லை. ஊர்வாசலும் இன்று நிற்பது 1792ல் கட்டியது, அதுவும் ஆகாது. ஆறு புள்ளியாவது வேண்டும், ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. படத்தைப் பொருத்தும் முறை கேட்கும் ‘உருமாற்றம்’ என்ற இடத்தில் ‘பாலினாமியல் 1’ எடுங்கள். அங்கேயே உள்ள ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும். வளைத்து ஒட்டிவிடுவதால் வரும் பூஜ்யம் அது, உங்கள் தப்பை மறைத்துவிடும். அளவுகோல் ‘ஆலென்’ என்ற பழைய டேனிய நீள அளவில் இருந்தால் ஒரு ஆலென் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். மதிலுக்குள் உள்ள புள்ளிகளை மட்டும் வைத்து வெளியே உள்ள இடத்தைக் குறித்தால் ஏமாறுவீர்கள். படம் ஒரு பாகை சாய்ந்திருந்தாலே ஒரு கிலோமீட்டர் தள்ளி 17 மீட்டர் விலகும். உங்கள் பக்கத்து வயல்களில் அது அடுத்தவர் பட்டா. அதுவும் 1733 என்பது சகோதரர்கள் வருவதற்கு 27 ஆண்டு முந்தையது. அந்தப் படத்தில் தோட்டத்தைத் தேடாதீர்கள், ஊரை நேராக நிறுத்தத்தான் அது. அதன்மேல் 1760க்குப் பிந்தைய படங்களைப் பொருத்துங்கள்.

1845ல் டேனியர் ஊரைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்ற பிறகு நிலக் காகிதமெல்லாம் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டக் கணக்கில். நடுவில் 1808 முதல் 1815 வரையும் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்தார்கள், அந்த ஆண்டுகளையும் விடாதீர்கள். இன்றைய நிலக்கணக்குக்கு, தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் தரங்கம்பாடி வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ பதிவேடும் (கிராம நிலங்களின் பதிவேடு) புலப்படமும் வரும். அ பதிவேட்டில் எல்லோரும் பட்டாதாரர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் ‘பழைய புல எண்’ பத்தியைப் பாருங்கள், பழைய கணக்குக்குப் போகும் ஒரே வழி அதுதான். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரங்களுக்கு மனுப் போடுங்கள். பத்திரத்தில் எல்லை சொல்லும் இடத்தில்தான் ‘இன்ன தோட்டத்துக்குத் தெற்கு, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு’ என்று பழைய வயல்பெயர்கள் ஒளிந்திருக்கும். அவற்றையும் உங்கள் நோட்டின் நான்கு பத்தியில் ‘தோட்டம்’ என்பதன் கீழ் எழுதிக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தர் போட்ட எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், அப்படியே.