மெதுவாகிப்போன கணினியை மறுபடியும் ஃபோமட் செய்ய வேண்டுமா?

கேள்வி: 2017இல் வாங்கிய மேசைக்கணினியைப் பாவிக்கிறோம். 4 ஜிபி ரெம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹாட் டிஸ்க் (கோப்புகள் சேமிக்கப்படும் இடம்), வின்டோஸ் 10. போட்டதும் வேலை செய்யக்கூடிய நிலைக்கு வரப் பத்து நிமிடமாகிறது. தலவாக்கலையில் இரண்டு தடவை ஃபோமட் செய்தோம் (எல்லாவற்றையும் அழித்து வின்டோஸைப் புதிதாகப் போட்டோம்). ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. மதர்போட் (பாகங்களை எல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை) பலவீனமாகிவிட்டது என்றும், கணினியைக் கொடுத்து மேலே பணம் கட்டினால் வேறொன்று தரலாம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து கணினியைக் கொடுத்துவிடாதீர்கள். மதர்போட் பழுதானால் கணினி இயங்காமற்போகும், அல்லது இடையில் நின்றுபோகும். மாதத்துக்கு மாதம் மெல்ல மெல்ல வேகம் குறைவது மதர்போட்டின் குணமல்ல. நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஹாட் டிஸ்க்கின் அறிகுறிகள். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கணினி திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற நெடுவரிசை நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியூ குறைவாக இருக்குமானால், கணினியின் மூளையான அந்த சிபியூ வேலையின்றி ஹாட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஹாட் டிஸ்க்கினுள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டுகளும், அவற்றின்மேல் அங்குமிங்கும் நகரும் ஒரு முனையும் இருக்கின்றன. வின்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் அந்த முனை இடம் மாறியாக வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் செலவாகும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது; அதே வேலை 0.1 மில்லிசெக்கன் அளவில் முடிந்துவிடும். ஃபோமட் செய்தால் ஒரு மாதம் நன்றாக இருந்ததும் இதனால்தான். தேட வேண்டியவை அப்போது குறைவு. அப்டேட்டுகளும் பிரவுசரும் தாமாகத் தொடங்கும் மென்பொருள்களும் திரும்பி வந்து சேர்ந்ததும் அதே முனை பழைய பாட்டைத் தொடங்கிவிடுகிறது. காரணம் தெரிந்திருந்தும் தடவைக்குத் தடவை ஃபோமட் செய்து காசு வாங்குபவரைத் தொழிலாளி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே 240 அல்லது 256 ஜிபி அளவில் சாட்டா வகை (ஹாட் டிஸ்க்கைப் போலவே கேபிளால் இணைக்கப்படும்) எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வின்டோஸை அதிலே போடச் சொல்லுங்கள்; பழைய டிஸ்க் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வைக்க உள்ளேயே இருக்கட்டும். பிறகு ரெம்மை 8 ஜிபி ஆக்குங்கள். ரெம்மின் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பதால், இப்போது எது இருக்கிறது என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இனி, ஏமாறும் இடங்கள். புதியது என்று சொல்லித் தரப்படும் எஸ்எஸ்டி, எங்கோ கழற்றிய கணினியில் பல ஆண்டுகள் ஓடியதாக இருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், அது மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டிவிடும்; புதியதில் ஆயிரக்கணக்கான மணிநேரம் இருக்க நியாயமில்லை. கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்னர், அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். பற்றுச்சீட்டு தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வின்டோஸுக்கு என்று தனியாகப் பணம் கேட்டாலும் விழிப்பாயிருங்கள்: கணினி உரிமத்துடன் வந்ததானால், அதே மதர்போட்டில் அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இணையத்துடன் இணைத்ததும் அது தானாகவே செயற்படத் தொடங்கும். களவு வின்டோஸைத் திறக்கும் மென்பொருள்களுடன் வைரஸும் சேர்ந்து வருவது வழக்கம். ஒரே சொடுக்கில் வேகமாக்குவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

ஒரு விதிவிலக்கை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்று வரும் நமது பகுதிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மின் அறுந்து ஹாட் டிஸ்க் கெட்டுப்போவது உண்டு. பெட்டியினுள் டக், டக் என்ற ஒலி கேட்டாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ, மேலே சொன்ன மென்பொருள் எச்சரிக்கை நிறம் காட்டினாலோ, உங்கள் டிஸ்க் மெதுவாகவில்லை, இறந்துகொண்டிருக்கிறது. அப்போது வேகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஃபோமட் வேண்டாம், டிஃப்ராக் (கோப்புகளை ஒழுங்குபடுத்தி அடுக்குவது) வேண்டாம், டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று இரவு முழுவதும் ஓடவிடுவதும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு மணிநேரமும் இருப்பதையும் கெடுக்கும். முதலில் மகளின் குறிப்புகள், குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்து வைத்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள். அவை பத்திரமான பிறகுதான் மற்ற வேலைகள். அந்த டிஸ்க்கைத் திரும்ப உள்ளே வைக்கவும் கூடாது.

வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. வின்டோஸ் 11 கேட்கும் புரொசசர் (சிபியூ) பட்டியலோ, இன்டெல்லைப் பொறுத்தவரை, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால், 2017இல் வாங்கியது அதற்குள் வருவது அரிது. தோட்டத்துச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய, இன்னும் நன்றாக ஓடக்கூடிய கணினியைக் காகிதத்தில் ஒரு கோடு போட்டுத் தள்ளிவைப்பவர்களுக்கு அதன் விலை தெரியாது. ஆனாலும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு வின்டோஸ் 10இன் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டத் தேவையில்லை. அப்டேட் பக்கத்தில் அதற்குரிய இணைப்பு தெரியும்.

வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். முடியாவிட்டால், பெட்டியைத் திறக்கச் சொல்லி ரெம்மின் இலக்கத்தையும் டிஸ்க்கின் இலக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே கடையில் விட்டு வாருங்கள். எதைக் கழற்றினாலும், அது பழுதானதாகவே இருந்தாலும், கையோடு வாங்கி வாருங்கள். உங்கள் கடவுச்சொற்களும் படங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.