மணல் நின்ற இடமும் கடல் நின்ற இடமும்

அன்புள்ள ஐயா,
நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர் முகத்துவாரத்தில் கரையை வெட்டியபோது, கறுப்புச் சேற்றுக்கு நடுவே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை மணலடுக்கு தெரிந்தது. ஆய்வகத்தில் கடல்நீர் விட்டுப்போகும் உப்பு, புரோமின் பார்த்தால் பழைய சுனாமி என்று உறுதியாகிவிடுமா? பூம்புகாரைக் கொண்டுபோன கடல்கோளாக இருக்குமோ? மேற்கே மணல் இல்லை, அதனால் கடல் அங்கே வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.
– ஒரு முதுகலை மாணவர்

அன்புள்ள தம்பி,

பூம்புகாரை விடுங்கள். இரண்டு விரல் மணலை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் கதைக்குத் தாவக் கூடாது. உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மணல் இல்லை என்றால் கடல் வரவில்லை என்று யார் சொன்னது?

ஜப்பானின் செண்டாய் சமவெளியில் 869ஆம் ஆண்டு ஜோகன் சுனாமி வந்தது. ஆயிரம் பேர் மூழ்கியதாக அரசவைக் குறிப்பு சொல்கிறது. அதன் மணல் அங்கே வயல்களுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலே 915இல் தொவாடா எரிமலை கக்கிய வெளிர்சாம்பல். அந்த மணல் எதுவரை போகிறது என்று பார்த்துத்தான் கடல் எதுவரை வந்தது என்று கணக்குப் போட்டார்கள். 2011 மார்ச் 11 அன்று மறுபடி வந்தது. தண்ணீர் 4 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போனது. அரை சென்டிமீட்டர் கனமுள்ள மணலோ 3 கிலோமீட்டர் வாக்கிலேயே நின்றுவிட்டது. அப்பால் மெல்லிய சேறுதான். கடல் அங்கேயும் நின்றது என்பதை கடல்நீர் மண்ணில் விட்டுப்போன குளோரைடும் சல்பேட்டும் காட்டிக்கொடுத்தன. அப்படியானால் ஜோகன் மணல் காட்டிய எல்லை குறைந்தபட்சம்தான். அந்தக் குறைந்தபட்சத்தை வைத்தே, ஃபுகுஷிமா அணு உலைக்கு ஜோகனைக் கணக்கில் எடுங்கள் என்று 2009இல் நிலவியலாளர் யுகினொபு ஒகாமுரா எச்சரித்தார்.

2005 ஜனவரியில் நாகைக்குத் தெற்கே மாமாவின் வயலில் நின்றேன். மணல் ஒரு பிடிகூட இல்லை. வெடித்த களிமண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. மாமா ஒரு கட்டியை உடைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தார். இரண்டு மழைக்காலம் கழித்து மறுபடி நாக்கில் வைத்தவர், "கடல் போயிடுச்சுடா" என்றார். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நாக்குக்கு அது போய்விட்டது, சரி. உப்பு மழையில் கரைந்துவிடும், மணலில் தங்கவே தங்காது. களியில்தான் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். புரோமின் மட்கிய தழையோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்ட்ரான்சியம் கிளிஞ்சல் தூளோடு கிடக்கும். நீங்களோ மணலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்புகிறீர்கள்!

அப்புறம், முகத்துவாரத்தில் தினமும் ஓதம் ஏறி இறங்குகிறது. அங்கே மண்ணில் கடல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள சேற்றோடு ஒப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்தில் இறால் பண்ணை இருக்கிறதா, வயலில் ஜிப்சம் போட்டார்களா என்று ஊர்க்காரர்களைக் கேட்டீர்களா? ஜிப்சம் என்பதே கால்சியம் சல்பேட்தான். கேட்காமல் சல்பேட்டை அளந்தால் மாமாவின் மூட்டையைச் சுனாமி என்று எழுதிவிடுவீர்கள்.

புயலா சுனாமியா என்பதை வேதியியல் மட்டும் சொல்லாது. மணலின் பரப்பு, நுண்பாசி ஓடுகள், காலக்கணிப்பு எல்லாம் சேர வேண்டும். அதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

நீங்கள் மேற்கே போங்கள். மணல் முடிகிற இடத்திலிருந்து ஓதம் எட்டாத பள்ளங்கள் வரை, நூறடிக்கு ஒரு குழி. ஒவ்வொன்றிலும் களியை விரற்கடை விரற்கடையாக வெட்டி, காற்றுப் புகாமல் கட்டி, ஆழத்தை எழுதி வையுங்கள். எத்தனையாவது குழியில் கடல் முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.