ஹார்மோன் சார்ந்த கேன்சர் ரிசர்ச்ல பயோகெமிஸ்ட்டோட வேலை எப்படி இருக்கும்?

மும்பை செம்பூர்ல எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு தங்கச்சி, மார்பகப் புற்றுநோய் ரிசர்ச்சுக்குப் போனா தினமும் என்ன வேலை, எப்படி உள்ள போறதுன்னு கேட்ருக்காங்க.

மார்பகம், புராஸ்டேட்ல வர்ற கேன்சர்ல பெரும்பாலானது ஹார்மோனை நம்பித்தான் வளருது, அந்த ஹார்மோனை நிறுத்தினா புராஸ்டேட் கேன்சர் அடங்குதுன்னு காட்டினதுக்குத்தான் சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கிற டாக்டருக்கு 1966ல நோபல் கிடைச்சது. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் செல்லுக்குள்ள போய் ஒட்டிக்கிற புரதத்தை, அதாவது ரிசப்டரைக் கண்டுபிடிச்சது எல்வுட் ஜென்சன்ங்கிற விஞ்ஞானி, அந்த ரிசப்டர்ல போய் உக்காந்து ஈஸ்ட்ரோஜனுக்கு எடம் விடாம பண்றதுதான் டமாக்சிஃபென்ங்கிற மருந்து. நல்லா கேட்டுட்டு இருந்த மருந்து சில பேருக்கு வருஷம் போகப் போக ஏன் கேக்காம போகுது, இதுக்குப் பதில் தேடத்தான் இன்னைக்கு ஆளுங்க வேணும்.

லேப்ல பாதி நாள் செல் வளக்குறதுலயே போயிடும். எம்சிஎஃப்-7ன்னு ஒரு மார்பகப் புற்றுநோய் செல், அதை வளக்குற மீடியத்துல, அதாவது சத்து திரவத்துல, செவப்பு கலருக்குப் போடுற ஃபீனால் ரெட்டே லேசா ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும், அதனால ஹார்மோன் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு அது இல்லாத மீடியம் எடுக்கணும், செல் வளர அதுல சேக்குற சீரத்தையும் (ரத்தத்துல இருந்து எடுக்குற திரவம்) சார்கோல் போட்டு ஹார்மோனை உருவிட்டுத்தான் ஊத்தணும், இதுல கோட்டை விட்டா மொத்த ரிசல்ட்டையும் நம்ப முடியாது. இந்தப் பொறுமை உங்களுக்கு இருந்தா தாராளமா வாங்க.

ரிசர்ச் பண்ண உதவித்தொகை வாங்கித் தர்ற நெட் ஜேஆர்எஃப் தேர்வைக் கண்டிப்பா எழுதுங்க. உங்க ஊர் பக்கத்துலயே நவி மும்பை கார்கர்ல டாடா மெமோரியலோட கேன்சர் ரிசர்ச் சென்டர் ஆக்ட்ரெக் இருக்கு, பிஎச்டி அங்கயே பண்ணலாம். அஞ்சாறு வருஷம் ஆகும், அப்புறம் போஸ்ட்டாக்னு பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ரிசர்ச் வேலை, நிரந்தர வேலை லேட்டாத்தான் வரும், இதை வீட்ல இப்பவே பேசிடுங்கம்மா.