மிரளும் கிடாரிக் கன்றைப் பழக்குவது எப்படி?

கேள்வி: காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) வளர்ந்த ஒன்பது மாதக் கிடாரிக் கன்றை வாங்கி வந்துள்ளேன். ஆள் நெருங்கினாலே திமிறுகிறது. யாராவது நின்றால் தீவனத்தில் வாய் வைப்பதில்லை. மோட்டார் ஓடினால் நடுங்குகிறது. இரண்டு நாள் பட்டினி போட்டு, கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் வழிக்கு வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பட்டினியோடு குட்டைக் கயிற்றில் நிற்கும் கன்று தப்ப வழியின்றி நிற்கிறதே தவிர, பயம் தெளிந்து நிற்பதில்லை. திமிறி விழுந்து காலை முறித்துக்கொள்ளவும் கூடும்.

கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, இரவும் பகலும் மந்தையோடு திரிந்த கன்றுக்கு மனிதர் கை படுவதே புதிது. போதாததற்குத் தாயையும் கூட்டத்தையும் ஒரே நாளில் பிரிந்து வந்திருக்கிறது. எனவே அடைப்புள்ள சிறு பட்டியில் அதை அவிழ்த்துவிட்டு, சாதுவான பசு ஒன்றை அதன் கண்ணில் படும்படி பக்கத்தில் கட்டுங்கள். அந்தப் பசு உங்கள் கையிலிருந்து தயக்கமின்றித் தின்பதைக் கன்று நாள்தோறும் பார்ப்பது பெரிய உதவி.

தீவனம் வைப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். நேரமும் குரலும் மாற வேண்டாம். மாட்டுக்கு நேர் பின்புறம் தெரியாது என்பதால் பின்னாலிருந்து போகாமல், முகத்துக்கு நேராகவும் போகாமல், தோள் பக்கமாக மெல்ல நடந்து, அது தலையைத் தூக்கிக் காதை விறைக்கும் இடத்திலேயே நின்றுவிடுங்கள். அது அமைதியானதும் நீங்களே ஓரடி பின்வாங்குங்கள். இந்தப் பின்வாங்கலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அசையாமல் நின்றால் ஆள் விலகுவார் என்று கன்று அறிவது இதனால்தான். சில நாளில் அதுவே கழுத்தை நீட்டி உங்கள் கையை மோந்து பார்க்கும். அப்போதும் பிடிக்க முயலாதீர்கள். நக்கத் தொடங்கிய பிறகு கழுத்தின் அடிப்பகுதியையும் அங்கே தொங்கும் தோல்மடிப்பான அலைதாடியையும் தடவிக்கொடுங்கள்; நெற்றியைத் தேய்த்தால் முட்டும் பழக்கம் வரும். தலைக்கயிறு அதற்குப் பின்புதான்.

மோட்டார் ஒலி மெலிதாகக் கேட்கும் தொலைவில் தீவனம் வைத்து, அது நிம்மதியாகத் தின்னும் அளவுக்கேற்பத் தொட்டியைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்துங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மிரண்டால் அந்தப் பக்கத்துக் கண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். மிரட்சியோடு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் அடித்தொண்டையில் கத்தினால் வெறிநோயாக இருக்கலாம். வாய்க்குள் கைவிடாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கழுத்தில் கை வைக்க விட்டதும் முதுகு, வயிறு, தொடை என்று படிப்படியாகத் தொட்டுப் பழக்கி, சினைப்பருவம் வருவதற்குள் மடிவரை கை போகும்படி செய்துவிட்டால், தலையீற்றில் காலைக் கட்டாமலே பால் கறக்கலாம்.