பன்னிரண்டுக்குப் பத்து கூடத்திற்கு எந்த ஸ்பீக்கர்?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்களுடையது பழைய வீடு. கூடம் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. எனக்குக் கானாவும் எண்பதுகளின் சினிமாப் பாட்டும் உயிர். பேஸ் நெஞ்சில் இறங்க வேண்டும். அப்பாவுக்கு நாதஸ்வரம், காதைக் குத்தினால் எழுந்து போய்விடுவார். ஐம்பது வாட் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பீக்கருக்கு நாற்பதாயிரம் வரை செலவிடலாம். கடையில் ஆளுயர டவர் ஒன்றைக் கேட்டு அசந்துபோனேன். அதே டவர் நண்பர் வீட்டில் கும்மென்று குழம்பியது. ஒரே ஜோடி எங்கள் இருவருக்கும் ஒத்துவருமா?”

ஒத்துவரும். ஆனால் கானாவுக்கு ஒரு ஸ்பீக்கர், கச்சேரிக்கு ஒரு ஸ்பீக்கர் என்று கடையில் பிரித்துச் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்னும் ஆய்வாளர் 1980-களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, பெரும்பாலானோர் விரும்பியது எந்தச் சுரத்தையும் கூட்டாமல் குறைக்காமல் சமமாகத் தரும் பெட்டிகளைத்தான். பின்னர் 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், பெட்டி கண்ணுக்குத் தெரிந்தவுடன் அதே ஆட்களின் மதிப்பெண்கள் மாறிப்போயின. ஆளுயர டவரைப் பார்த்து அசந்ததில் எவ்வளவு காதின் பங்கு, எவ்வளவு கண்ணின் பங்கு என்பதைத் தாங்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆகவே ரசனை என்பது எந்த வகைப் பாட்டு என்பதைவிட, எவ்வளவு சத்தமாக, எவ்வளவு ஆழமான பேஸோடு, எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தங்கள் வீட்டில் இம்மூன்றையும் தீர்மானிப்பதில் பெட்டிக்கு இணையாக அறையும் நிற்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. பன்னிரண்டடி என்பது 3.66 மீட்டர். இந்த நீளம் சரியாக அரை அலைநீளமாக அமையும் ஒலி 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு. பத்தடி அகலத்திற்கு அது 57 ஹெர்ட்ஸ். இவ்விரு சுரங்களும் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சிக்கிக்கொண்டு, பாட்டில் இருப்பதைவிடப் பெரிதாக, நிறுத்திய பின்னும் அடங்காமல் ஒலிக்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அவை மிகும். கூடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தியைத் திறந்தபடி மீட்டினால் எழுவது 41 ஹெர்ட்ஸ். அதிலிருந்து மேலேறும் சுரங்கள் நேராக இந்தப் பொறிக்குள்தான் நுழைகின்றன. நண்பர் வீட்டில் குழம்பியது டவரின் குற்றம் அன்று. சின்ன அறையில், சுவரை ஒட்டி, ஆழமான பேஸ் தரும் பெட்டியை நிறுத்தியதன் விளைவாக இருக்கும். கடையின் கூடம் பெரிதாக இருந்திருக்கும்.

நானும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். வியாசர்பாடியில் இதைவிடச் சிறிய அறையில் டவர் ஜோடியை வைத்து, நான்கு மாதம் ஆம்பின் பேஸ் திருகைக் குறைத்தே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெள்ளையடிப்பதற்காக சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தபோதுதான், அதுவரை ஒரே இரைச்சலாக இருந்த பேஸ் கிட்டார் தனித்தனிச் சுரங்களாகப் பிரிந்து கேட்டது. செலவு ஏதுமில்லை, ஆனால் டவர்களுக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை.

தங்களுக்கு நான் பரிந்துரைப்பது, தாழ்ந்த ஒலிக்கு ஐந்தரை அல்லது ஆறரை அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிக்குத் தனி ட்வீட்டரும் கொண்ட சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடி. பெயர் அப்படியிருப்பதற்காகப் புத்தக அலமாரியில் செருகிவிடக் கூடாது. ட்வீட்டர் காதின் உயரத்திற்கு வரும்படி ஸ்டாண்டில், பின்சுவரிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி நிறுத்த வேண்டும். முப்பதாயிரம் பெட்டிகளுக்கு, மீதி ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுப் பெட்டி வழக்கமாக 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதற்குக் கீழே அறையே கொஞ்சம் தூக்கிவிடும். கானாவில் டோலக்கின் இடப்பக்கம் தரும் ‘கும்’ அடியின் உயிர் இந்த எல்லைக்கு மேலேயே இருப்பதால், பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். பின்பக்கம் ஓட்டை வைத்த பெட்டியானால், இடநெருக்கத்தில் பேஸ் மிகும்போது அந்த ஓட்டையில் பழைய சாக்ஸைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் பலன் உண்டு.

அதன் பிறகும் நெஞ்சில் இறங்கும் பேஸ் வேண்டுமென்றால், அடுத்த ஆண்டு ஆழமான பேஸுக்கென்றே உள்ள ஒரு சிறிய சப்வூஃபரைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதனிடம் விட்டுவிடலாம். தங்கள் வீட்டுக்கு இதில் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. சப்புக்குத் தனித் திருகு இருப்பதால், அப்பா கேட்கும்போதும், இரவில் அடுத்த வீட்டார் உறங்கும்போதும் அதை மட்டும் அணைத்துவிடலாம். பொதுச்சுவரைத் துளைத்துக்கொண்டு போவது உயர்ந்த ஒலியான ட்ரெபிள் அன்று, பேஸ்தான். டவரில் அதைத் தனியே அணைக்க வழியில்லை. குறைந்த சத்தத்தில் பேஸ் காதுக்கு மெலிந்து கேட்பது மனிதக் காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டியது. ஆகவே இரவுக் கேட்பில் பேஸ் போதவில்லை என்று பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி தங்கள் தந்தையாரின் நாதஸ்வரம். சீவாளியிலிருந்து பிறக்கும் அந்த ஒலியில் மேற்சுரங்கள் மிகவும் வலுவானவை. மனிதக் காது மிகக் கூர்மையாக உணர்வது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. இருவழிப் பெட்டிகளில் வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் இடமும் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 வரை. மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால், அங்கே பெட்டி ஒலியைச் சற்றே கூட்டித் தரும் சிறு மேடு இருந்தாலும் நாதஸ்வரம் குத்தும், வயலின்களும் எரிச்சலூட்டும். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வரும் நாதஸ்வரம் ஏன் மூளையைக் கிழிக்கிறது என்பதற்கும் விடை இதுதான்: அதில் பேஸே கிடையாது, இருப்பதெல்லாம் இந்த நடுப்பகுதி. வயது ஏற ஏற மேல் அலைவரிசைகள் மங்கும், ஆனால் இப்பகுதியில் திடீரென எழும் சத்தம் முன்னைவிட அதிகமாக உறுத்தும் என்பதையும் கருத வேண்டும்.

பட்டுத்துணி ட்வீட்டர் இனிமை, உலோக ட்வீட்டர் கூர்மை என்று சொல்வார்கள். அதை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். அந்த மேடு இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். பெட்டிகளை இருக்கையை நோக்கித் திருப்பினால் ட்ரெபிள் கூடும், நேரே எதிர்ச்சுவரைப் பார்க்க விட்டால் குறையும். சிமெண்டுத் தரையில் ஜமுக்காளம் விரிப்பதும் கைகொடுக்கும்; கோரைப்பாய் போதாது.

வாட் கணக்கைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். பிஎம்பிஓ என்னும் கணநேர உச்ச வாட்டை ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் என்ற உணர்திறன் எண். மூன்று டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்திற்கு இரு மடங்கு வாட் வேண்டும். 86-க்கு மேல் உள்ளதும், எட்டு அல்லது ஆறு ஓம் என்று குறித்ததுமான எந்தப் பெட்டியையும் தங்கள் ஐம்பது வாட் ஆம்ப் இந்தக் கூடத்தில் தாராளமாக ஓட்டும்.

வாங்கும் நாளில் தந்தையாரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய குரலைப் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து கொண்டுபோங்கள். தங்களுக்கு அதைவிடப் பழகிய ஒலி வேறில்லை. பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் 100, 200 ஹெர்ட்ஸை ஒட்டிப் பெட்டி உப்பியிருக்கிறது. பிபிசி நிறுவனம் 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளின் இடநெருக்கத்திற்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறு பெட்டிக்கு இன்றும் மவுசு இருப்பது பேஸுக்காக அன்று. மனிதக் குரல் அதில் குரலாகவே கேட்பதற்காக. அடுத்து, பேஸ் கிட்டார் படியேறி இறங்கும் ஒரு சினிமாப் பாட்டைப் போடுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் வருகிறதா, ஒன்று மட்டும் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக நாதஸ்வரமும் தவிலும், அரை மணி நேரம் குறையாமல். பத்து நிமிடத்தில் பளிச்சென்று மயக்கும் பெட்டிதான் ஒரு மணி நேரத்தில் தலைவலி தரும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு ‘நன்றாக’ இருப்பதாகத் தோன்றும், விற்பவர்களுக்கு இது தெரியும். வீட்டில் வைத்துப் பார்த்து ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதைப் பில் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்காக ஒன்று. பழைய வெளிநாட்டுப் பெட்டிகள் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப் பஞ்சாக இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ வளையம் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். நம் ஈரக் காற்றில் ரப்பர் வளையமே நீடிக்கும். ஒயர் நுனியில் செம்பு பச்சை பூத்தால் ஆண்டுக்கொரு முறை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். ஆகவே வாங்கும்போதே ஒயரைத் தேவையைவிட ஓரடி கூடுதலாக வாங்கிவிடுங்கள்.