செலவைத் தொடாமல் வரி குறையுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நான் வருமான வரி கட்டுவதில்லை. அரசு எவ்வளவு செலவழித்தால் எனக்கென்ன? (திருப்பூர் வாசகர்)

போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறீர்கள் அல்லவா? அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. உங்கள் முதலாளி அதே ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய்தான். அவர் சம்பாத்தியத்தில் அது தூசு, உங்களுக்கு அப்படியில்லை.

பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டிவிட்டால் செலவைக் குறைக்கவே வேண்டாமே? (மதுரை வாசகர்)

கூட்டிப் பார்த்தாகிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் நம் உச்ச வருமான வரி, சர்சார்ஜோடு (வரிமேல் போடும் கூடுதல் வரி) 97.75 சதவீதம். மேல் அடுக்கில் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். யார் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவார்? பத்திரத்தில் ஒரு விலை, கைக்குக் கை ஒரு விலை என்ற பழக்கம் ஊறிப்போனதில் இதற்கும் பங்கு உண்டு. அரசே அமைத்த வாஞ்சூ கமிட்டி, வரி ஏய்ப்புக்கு இந்த விகிதமே ஒரு பெரிய காரணம் என்று சொல்லி, 75-க்கு இறக்கப் பரிந்துரைத்தது. 1974-இல் 77 ஆயிற்று. 1985-இல் 50, 1997-இல் 30.

அப்படியானால் வரியைக் குறைப்பதாகச் சொல்லும் கட்சிக்கு ஓட்டுப் போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

எந்தச் செலவை வெட்டப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள் அம்மா. பதில் வராவிட்டால் நம்பாதீர்கள். 2019 டிசம்பரில் இலங்கை அரசு வாட் வரியை (நம் ஜி.எஸ்.டி. மாதிரி விலையில் சேரும் வரி) 15-இலிருந்து 8 சதவீதமாக இறக்கியது. செலவு இறங்கவில்லை. கோவிட் வந்து சுற்றுலாவும் படுத்தது. துண்டு விழுந்ததை மத்திய வங்கி நோட்டடித்து நிரப்பியது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். அந்த செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். 100 ரூபாய்ச் சாமான் 170 ரூபாய்! அதுவும் வரிதான், நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்காமலே விழுந்த வரி. கடைசியில் 2024 ஜனவரியில் வாட் 18-க்குப் போனது. செலவழித்தாகிவிட்டால் வரி நிச்சயம். இன்றா நாளையா என்பது மட்டுமே பாக்கி.

செலவுக்குச் சட்டம் போட்டுக் கடிவாளம் கட்ட முடியாதா? (கோவை வாசகர்)

2003-இலேயே போட்டார்கள், நிதிப் பற்றாக்குறையை, அதாவது வரவுக்கு மேல் கடன் வாங்கிச் செய்யும் செலவை, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் நிறுத்த. 2007-08-இல் அதற்குக் கீழேயும் வந்தது. அடுத்த ஆண்டே உலக நெருக்கடி, விவசாயக் கடன் தள்ளுபடி, சம்பளக் கமிஷன் எல்லாம் சேர்ந்து 6-க்கு ஏறியது. தாங்களே போட்ட பூட்டு, சாவியும் தங்களிடமே.

இலவசங்களில் தொடங்கலாமா? (சென்னை வாசகர்)

பிள்ளைகளின் சத்துணவில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். பழைய கடனுக்கான வட்டியைப் பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி; வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. ரூபாய்க்கு 25 பைசா. சத்துணவுக்கான பணத்தையாவது நம் எம்.பி.க்கள் மானியக் கோரிக்கையில், அதாவது அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்டு மக்களவையில் ஓட்டுக்கு வைக்கும்போது, வெட்டலாம். வட்டியைப் பற்றி அவர்கள் பேச மட்டுமே முடியும். அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவுப்படி அது ஓட்டெடுப்புக்கே வராது.